வேங்கைப் பலகையும் ஒதியந்தொட்டிலும்

ஒரு காட்டில், ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில், முள்ளம்பன்றி ஒன்று தச்சுப் பட்டறை வைத்திருந்தது. அதன் பெயர் சடையாண்டி. ஸ்டூல், பெஞ்சு, உரல்மூடி, குட்டிகளுக்கு நடைவண்டி, எது கேட்டாலும் செய்து தரும். மற்ற தச்சர்கள் ஆணிக்கு அலைவார்கள். சடையாண்டிக்கு அந்தக் கவலை இல்லை. உதிர்ந்த முள்ளை எடுத்து, நுனியைச் சீவி, துளையில் அடித்தால் போதும். முதுகிலேயே ஆணிக்கடை.

வேலையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய மரத்தை உடனே தொடாது. ஒரு மழைக்காலம் முழுக்கக் குளத்தில் ஊறப்போடும். பிறகு இரண்டு கோடை நிழலில் அடுக்கிக் காயவிடும். அப்புறம்தான் உளி வைக்கும். ஸ்டூலைச் செய்து முடித்ததும் முதலில் தானே ஏறி உட்கார்ந்து ஒரு சட்டி கஞ்சி குடிக்கும். கஞ்சி தளும்பினால் ஸ்டூல் மறுபடி பட்டறைக்குள் போகும். தளும்பாவிட்டால்தான் கேட்டவர் கைக்குப் போகும்.

இவ்வளவு வேலை தெரிந்த சடையாண்டிக்கு ஒன்று மட்டும் வராது. பேச்சு.

"இந்த ஸ்டூல் எப்படி மேஸ்திரி?" என்று கேட்டால், "உட்காரலாம்," என்று சொல்லும்.

"அந்த பெஞ்சு?"

"ரெண்டு பேர் உட்காரலாம்."

அதற்கு மேல் அதன் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடியாது.

கரடி ஒச்சப்பன் ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கிய ஸ்டூலில்தான் இன்றும் உட்கார்ந்திருந்தது. ஒச்சப்பன் உட்கார்ந்தும் உடையாத ஸ்டூல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூல் உடையவில்லை, அதனால் ஒச்சப்பன் பட்டறைப் பக்கம் திரும்ப வரவே இல்லை. நல்ல வேலைக்குக் கிடைத்த பரிசு அது.

ஐப்பசி மழைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, புள்ளிமான் மருதாயி பட்டறைக்கு வந்தது. வயிறு தாழ்ந்து, நடை தளர்ந்திருந்தது.

"எனக்கு ஒரு தொட்டில் வேணும் மேஸ்திரி," என்றது. "போன மழைக்குப் பொறந்த குட்டியைத் தரையிலதான் போட்டேன். ஈரத்துல அட்டை ஏறி, சளி பிடிச்சு, தை மாசம் வரைக்கும் அது எந்திரிச்சு நிக்கல. பொழைச்சதே பெரிசு. இந்தத் தடவை குட்டி முதுகு தரையில படக் கூடாது."

சடையாண்டி எழுந்தது. உள்ளே போய் மர அடுக்கின் அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்து வந்து போட்டது. வேங்கைப் பலகை. குளத்தில் ஊறி, நிழலில் காய்ந்து, தட்டினால் கணீரென்று பதில் சொல்லும் பலகை. அதன் ஓரத்தில் மான் காது வடிவத்தில் ஒரு கணு இருந்தது. பட்டறையில் அப்போது காய்ந்து தயாராக இருந்த பெரிய பலகை அது ஒன்றுதான்.

மருதாயி மூக்கை வைத்து முகர்ந்தது. அந்தக் கணுவை நாக்கால் தொட்டுப் பார்த்தது. "இதுலயா செய்யப் போறீங்க?"

"இதுலதான். குட்டி படுக்கலாம்," என்றது சடையாண்டி.

அது கொடுத்த வாக்கு அவ்வளவுதான். மருதாயிக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஆடி மாதம் வேறு வேலையே வரவில்லை. சடையாண்டியின் மனைவி கூராயி கிழங்குப் பானையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டியது. மண் மட்டும் விழுந்தது.

"ஏங்க, இப்படியே போனா நீங்க செஞ்ச ஸ்டூலைத்தான் வேக வச்சுத் திங்கணும்."

"வேகாது," என்றது சடையாண்டி. தன் ஸ்டூலின் உறுதியைப் பற்றி அதற்கு ஒரு பெருமை.

இந்தப் பேச்சை மர அடுக்கின் மேலிருந்து ஓணான் சிங்காரவேலு கேட்டுக்கொண்டிருந்தது. சிங்காரவேலு எதைச் சொன்னாலும் கழுத்தைச் சிவப்பாக உப்பிக்கொண்டு மூன்று முறை தலையாட்டும். எதிரில் இருப்பவரும் தன்னை அறியாமல் மூன்று முறை தலையாட்டிவிடுவார். பிறகு வீட்டுக்குப் போய், எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று யோசிப்பார். சிங்காரவேலுவுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். நன்றாகவே தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது," என்று இறங்கி வந்தது. "உங்க கடைக்குப் பேர் என்ன?"

"பட்டறை."

"அது எல்லாப் பட்டறைக்கும் பேரு. உங்க கடைக்கு?"

சடையாண்டி யோசித்தது. "ஓடைப் பக்கத்துப் பட்டறை."

துக்க வீட்டுக்கு வந்ததுபோல ஓணான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"உங்க தொழில்ல பெரிய குறை எது தெரியுமா? சாமான் உடைய மாட்டேங்குது. உடையாத சாமானை வித்தா எவன் திரும்பி வருவான்?"

"உடைச்சுக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றது கூராயி.

"சேச்சே. புது ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும் மதினி. அதுக்கு நான் இருக்கேன். கூலின்னு ஒண்ணும் வேண்டாம். மரத்தைச் சீவும்போது விழுற புழு பூச்சியைப் பொறுக்கிக்கறேன்."

"எங்க மரத்துல புழுவே கிடையாதே. ஊறிக் காஞ்ச மரமாச்சே."

ஓணான் சீவல் குவியலை ஒரு பார்வை பார்த்தது. உண்மைதான். ஒரு புழு கூட நெளியவில்லை.

"அதனால என்ன மதினி. சேவைதானே," என்றது.

மறுநாளே சேவை தொடங்கியது. முதலில் ஓணான் கரடி ஒச்சப்பனிடம் போனது.

"ஒச்சப்பண்ணே, சடையாண்டி செஞ்ச ஸ்டூல் பத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க. ஊரெல்லாம் பரப்பணும்."

"எந்த ஸ்டூல்?" என்றது ஒச்சப்பன்.

"இப்ப உட்கார்ந்திருக்கீங்களே, அது."

ஒச்சப்பன் குனிந்து பார்த்தது. "அட, ஆமா. இது ஒண்ணு இருக்குல்ல," என்றது.

அதற்கு மேல் ஒரு ஸ்டூலைப் பற்றி என்ன நல்லது சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓணான் உதட்டைப் பிதுக்கியது. "இதெல்லாம் எடுபடாது," என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டது.

அன்று மாலை கடைக்குப் பெயர் வைத்தார்கள். ஓணான் வைத்தது, சடையாண்டி தலையாட்டியது. 'அகில வன மரக்கலைக் கூடம். நூறாண்டு அனுபவம்.'

"எனக்கு வயசே ஒம்பது," என்றது சடையாண்டி.

"உங்க அப்பா வயசு, தாத்தா வயசு எல்லாத்தையும் கூட்டிக்கோங்க."

"தாத்தா தச்சு வேலை பார்க்கலையே. கிழங்கு தோண்டினார்."

"எதால தோண்டினார்?"

"பல்லால."

"நீங்க மரப்பட்டையை உரிக்கிறது எதால?"

"பல்லாலதான்."

"பின்ன? அனுபவம்தானே அண்ணாச்சி," என்று ஓணான் மூன்று முறை தலையாட்டியது. சடையாண்டியும் ஆட்டியது.

"இந்தப் பேரை ஒரு பெரிய பலகையில செதுக்கி வாசல்ல நிறுத்தணும். காட்டுல எந்த மூலையில நின்னாலும் தெரியணும். பலகை பளபளன்னு இருக்கணும். வெடிப்பு, வளைவு எதுவும் கூடாது." ஓணானின் ஒரு கண் அடுக்கின் அடியில் நின்றது. "அதோ, அதுதான்."

"அது மருதாயி தொட்டிலுக்கு வச்சது."

"அண்ணாச்சி, தொட்டில்ல எது தெரியும்? குட்டி தெரியும். குட்டிக்குக் கீழ என்ன மரம்னு எந்த மான் புரட்டிப் பார்க்கப் போகுது? ஆனா வாசல் பலகையை நாலு திசையும் பார்க்கும்."

"ஏங்க, அது வாக்குக் கொடுத்த மரம்," என்றது கூராயி.

"வாக்குக் கொடுத்தது தொட்டிலுக்கு மதினி. தொட்டில் போயிரும். வேற மரத்துல போகும், அவ்வளவுதான்."

சடையாண்டி பலகையைப் பார்த்தது. தன் கடை காட்டின் நான்கு திசைக்கும் தெரியும் என்ற நினைப்பு அப்போது அதன் முதுகில் லேசாக அரித்தது. முள்ளம்பன்றிக்கு முதுகில் அரிப்பு வந்தால் சொறிந்துகொள்ள முடியாது, பாவம். அரித்துக்கொண்டே இருக்கும்.

ஓணான் தலையாட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. சடையாண்டியும் ஆட்டியது. கூராயி மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ஓணான் மண்ணில் கீறிக் காட்டிய எழுத்தைப் பார்த்துப் பலகை செதுக்க இருபது நாள் ஆனது. எழுத்துக்கு எழுத்து கொடி, கொடிக்குக் கொடி பூ. அந்த இருபது நாளில் ஒரு ஸ்டூல் கூட முடியவில்லை என்பது வேறு விஷயம். பலகையை வாசலில் நிறுத்தி, நான்கு மைனாக்களைப் பிடித்து, காட்டின் நான்கு பக்கமும் கத்த வைத்தது ஓணான்.

"அகில வன மரக்கலைக் கூடம். ஒரு ஸ்டூல் வாங்கினால் ஒரு முக்காலி இலவசம்."

"முக்காலியும் ஸ்டூல்தானே?" என்று சடையாண்டி கேட்டது.

"அதனாலதான் இலவசம்," என்றது ஓணான்.

கூட்டம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல கூட்டம். முயல்கள், நரிகள், மிளா மான்கள், கரடி ஒச்சப்பன் கூட வந்தது. எல்லாம் பலகை முன்னால் நின்று வாய் பிளந்தன. அந்தக் காட்டில் படிக்கத் தெரிந்தது ஓணான் ஒன்றுக்குத்தான். அது படித்துச் சொல்லும், மற்றவை கேட்டுத் தலையாட்டும். உண்மையில் அவை பார்த்து மயங்கியது எழுத்தை அல்ல. அந்த வேங்கையின் நிறத்தை, அதன் வழவழப்பை. இவ்வளவு நல்ல மரத்தை வாசலில் நிற்க வைத்திருக்கிறார் என்றால், உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டன. நினைக்கிறவர்களை யார் தடுக்க முடியும்?

உள்ளே மரமே இல்லை. முதல் நாளே நாற்பது ஸ்டூல், பெஞ்சுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வரச் சொல்லவா?" என்றது சடையாண்டி.

"சொல்லுங்க. மைனாவை விட்டே சொல்லச் சொல்றேன். கடை திறந்த அன்னைக்கே கடை மூடிட்டோம்னு," என்றது ஓணான். "அண்ணாச்சி, ஓடைக்கரை முழுக்க ஒதியமரம் நிக்குது. வெட்டுங்க, செய்யுங்க."

"அது பச்சை மரம்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க? 'புத்தம் புது மரம்'னு சொல்லுங்க."

ஒதியமரம் எப்படிப்பட்டது என்று சடையாண்டிக்கு நன்றாகத் தெரியும். கிளையை ஒடித்து ஈர மண்ணில் குத்தினாலே துளிர்க்கிற மரம். வெட்டிய பிறகும் தான் வெட்டப்பட்டது அதற்குத் தெரிய மாதக்கணக்காகும். இதெல்லாம் தெரிந்துதான் வெட்டியது. தெரியாமல் செய்ததாகச் சொன்னால் நான் அதற்குப் பரிந்து பேசுகிறேன் என்று ஆகிவிடும்.

பச்சை மரத்தைச் சீவச் சீவ, கொழுத்த வெள்ளைப் புழுக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. பட்டறையில் இதுவரை யாரும் பார்க்காத காட்சி. ஓணான் சீவல் குவியலை விட்டு நகரவே இல்லை. பத்தே நாளில் அதன் வயிறு தரையைத் தொட்டது.

"சேவை செஞ்சே உடம்பு தேறிட்டீங்க கொழுந்தனாரே," என்றது கூராயி.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மதினி," என்று இன்னொரு புழுவை விழுங்கியது ஓணான்.

ஒரு நாளைக்கு ஏழு ஸ்டூல் செய்ய வேண்டியிருந்தது. ஏழு சட்டி கஞ்சியை யார் குடிப்பது? உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் நின்றது. உதிர்ந்த முட்கள் தீர்ந்தன. சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு முதுகிலிருந்தே பிடுங்கியது. அதுவும் போதவில்லை என்று, நான்கு ஆணி அடிக்கிற இடத்தில் இரண்டு அடித்தது. புரட்டாசி முடியும்போது அதன் முதுகில் பாதி வழுக்கை. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய எலி ஒன்று உளி பிடித்திருப்பதுபோல இருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியாக, அவசர அவசரமாக, ஒரு தொட்டில் செய்தது. நான்கு ஒதியங்கால், நடுவில் ஒதியம்பலகைப் பெட்டி. மருதாயி குட்டி ஈன்று மூன்று நாள் ஆகியிருந்தது.

தொட்டிலை இறக்கி வைத்ததும் மருதாயி மகிழ்ச்சியாகத்தான் வந்து பார்த்தது. பிறகு முகர்ந்து பார்த்தது.

"மேஸ்திரி, இது நீங்க அன்னைக்குக் காட்டின மரம்தானா?"

சடையாண்டி தன் கால் நகங்களைப் பார்த்தது. பேசத் தெரியாதவர்களுக்கு இது ஒரு வசதி. பேசாமல் இருந்தால் யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள்.

"அதைவிடப் புதுசு அக்கா," என்றது கூடவே வந்திருந்த ஓணான்.

மருதாயி சடையாண்டியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தது. "நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்," என்று குட்டியை எடுத்துத் தொட்டிலில் விட்டது.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது.

ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாளிலிருந்து சாமான்கள் திரும்பி வரத் தொடங்கின. முயல் ஒன்று கொண்டுவந்த ஸ்டூலின் கால்கள் நான்கும் நான்கு பக்கம் திரும்பியிருந்தன.

"உட்கார்ந்தா இது நடக்குது," என்றது முயல்.

"கால் இருக்குற சாமான் நடக்கத்தான் செய்யும் தம்பி," என்றது ஓணான். "வளைவு வேலைப்பாடுன்னு பேரு. இதுக்குத் தனியாக் கூலி கேட்டிருக்கணும். உனக்காக விட்டுட்டோம்."

முயல் குழம்பிப்போய்த் தலையாட்டிவிட்டுத் திரும்பியது. ஸ்டூல் அதன் பின்னால் நடந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்து ஒச்சப்பன் வந்தது. புது பெஞ்சின் இரண்டு துண்டுகளைத் தூக்கி வாசலில் போட்டது. பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனது.

அன்று மதியம் ஒரு மைனா செய்தி கொண்டுவந்தது. மருதாயி வீட்டுத் தொட்டிலின் கால்கள் துளிர்விட்டிருக்கின்றனவாம்.

சடையாண்டி உளியைக் கீழே வைத்தது. ஓணானின் கழுத்தோ சிவந்து உப்பியது.

"அண்ணாச்சி, இது பெரிய விஷயம். 'தழைக்கும் தொட்டில்'. குழந்தையோடு சேர்ந்து வளரும். எந்தக் காட்டுலயாவது உண்டா? எலே மைனா, போய்க் கத்து."

மைனாக்கள் கத்தின. மறுநாள் மருதாயி குட்டிக்குப் பெயர் வைக்கும் நாள். சொந்தமும் பந்தமுமாக முப்பது மான்கள், தழைக்கும் தொட்டிலைப் பார்க்கும் ஆவலோடு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் நேராகத் தொட்டிலுக்கே வந்தன.

தொட்டில் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. நான்கு கால்களிலும் இளந்தளிர். மழையில் நனைந்து மின்னியது. மான்கள் சுற்றி நின்று மரியாதையாகப் பாராட்டின. ஒரு பெரியம்மா மான் ஆசையாக முன்னால் வந்து ஒரே ஒரு தளிரைக் கடித்தது. விருந்துக்கு வந்த இடத்தில் ஒரு தளிர் கடிப்பது தப்பில்லையே. அதைப் பார்த்து இன்னொன்று கடித்தது. முப்பது மான்கள் ஆளுக்கு ஒரு தளிர். தளிர் தீர்ந்ததும் பட்டை. பட்டையைப் பல்லால் பற்றி இழுத்தபோது, நான்குக்குப் பதில் இரண்டாக அடித்த முட்கள் ஈர மரத்திலிருந்து சத்தமே இல்லாமல் கழன்றன.

தொட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குட்டி உருண்டு, முதுகு படச் சேற்றில் விழுந்தது.

மருதாயி பட்டறைக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. குட்டி அதன் காலடியில் நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு காதில் அட்டை ஒட்டியிருந்தது. இரண்டு முறை தும்மியது.

"அக்கா, அதை ஏன் கெட்டதா எடுத்துக்கறீங்க," என்று ஓணான் ஓடி வந்தது. "சொந்தக்காரங்க எல்லாம் விரும்பிச் சாப்பிட்ட முதல் தொட்டில் இதுதான். இதை வச்சே நாம..."

மருதாயி அதைத் தாண்டிப் போனது. வாசலில் நின்ற பலகையின் முன்னால் போய் நின்றது. மழைத்தண்ணீர் பலகையில் வழிந்து ஓடியது. இவ்வளவு மழையிலும் அது ஒரு நூல் வளையவில்லை, ஓர் இடம் வெடிக்கவில்லை. மருதாயி மூக்கை நீட்டி, ஓரத்திலிருந்த கணுவை, மான் காது மாதிரி இருந்த அந்தக் கணுவை, நாக்கால் தொட்டுப் பார்த்தது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது மேஸ்திரி," என்றது. "ஆனா இந்த மரத்தைத் தெரியும்."

சடையாண்டி வாசலுக்கு வந்தது.

"பலகை நல்லா இருக்கு. மழை தாங்குது. இன்னைக்கு ராத்திரி என் குட்டியை எங்க படுக்க வைக்கட்டும்? இது மேலயா?"

குட்டி மூன்றாவது முறை தும்மியது.

சடையாண்டி உள்ளே போனது. ரம்பத்தை எடுத்து வந்தது. பலகையைக் கீழே சாய்த்தது.

"அண்ணாச்சி, என்ன காரியம் பண்றீங்க," ஓணான் பலகை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. "இது கடைக்கு முகம். முகத்தை யாராவது அறுப்பாங்களா? இருபது நாள் உழைப்பு. அகில வனமும் இதைப் பார்த்துத்தான் வந்துச்சு. ஆறு மாசம் பொறுங்க, எல்லாம் மறந்துடும்."

கழுத்தைச் சிவப்பாக உப்பி, தலையாட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.

சடையாண்டி ஓணானின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் வயிற்றைப் பார்த்தது. தன் பட்டறையில் இதுவரை எந்தப் பிராணியும் அப்படிக் கொழுத்ததில்லை. பிறகு சீவல் குவியலில் நெளிந்துகொண்டிருந்த புழுக்களைப் பார்த்தது. கூராயியைப் பார்த்தது. கூராயி ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

"இறங்கு," என்றது சடையாண்டி. "நீயும் சேர்ந்து அறுபடுவே."

இந்தத் தடவை அதன் தலை ஆடவில்லை. ஓணான் இறங்கிவிட்டது.

மாலைக்குள் தொட்டில் முடிந்தது. முதுகில் மிச்சமிருந்த முட்களைப் பிடுங்கி, நான்கு வேண்டிய இடத்தில் நான்கே அடித்தது. இந்தத் தொட்டிலுக்குக் கால் வைக்கவில்லை. புங்கமரக் கிளையில் கொடி கட்டித் தொங்கவிட்டது. பிறகு, மருதாயியும் கூராயியும் பார்த்துக்கொண்டிருக்க, இப்போது முழு வழுக்கையான சடையாண்டி அந்தத் தொட்டிலுக்குள் தானே ஏறி உட்கார்ந்து, ஒரு சட்டி கஞ்சி குடித்தது. நனைந்த மைனாக்கள் நான்கும் கிளையில் வரிசையாக உட்கார்ந்து சிரித்தன. சிரிக்கட்டும். கஞ்சி தளும்பவில்லை.

"மன்னிச்சிரு தாயி," என்று இறங்கியது. "குட்டி படுக்கலாம்."

மருதாயி குட்டியை எடுத்து உள்ளே விட்டது. தொட்டிலின் ஒரு பக்கம் 'நூறாண்' என்று தலைகீழாக இருந்தது. மறுபக்கம் 'அகில' இருந்தது. மான் காதுக் கணு சரியாகக் குட்டியின் தலைமாட்டில் வந்திருந்தது. குட்டி அந்தக் கணுவைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது.

அந்த மழைக்காலம் முழுக்கச் சடையாண்டி வீடு வீடாகப் போய் ஒதிய ஸ்டூல்களைத் திரும்ப வாங்கியது. அதற்குக் கூலியாக வாங்கிய கிழங்கைத் திரும்பக் கொடுத்தது. நடக்கிற ஸ்டூல் வாங்கிய முயல் சடையாண்டியோடு பேசுவதில்லை, இன்றுவரை தரையில்தான் உட்காருகிறது. ஒச்சப்பன் தன் பழைய ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது யாராவது அந்தப் பக்கம் போனால், கேட்காமலேயே எழுந்து நின்று, ஸ்டூலைக் காட்டி, "இது ஒண்ணு இருக்கு," என்று சொல்கிறது.

கூராயி குளத்தில் புது வேங்கை மரங்களை ஊறப்போட்டது. இரண்டு கோடை காத்திருக்க வேண்டும். அதுவரை பானை கவிழ்ந்துதான் இருந்தது. ஆனால் பெயர் வைப்புக்கு வந்துபோன முப்பது மான்களும் அடுத்த மழையில் மருதாயி வீட்டுக்கு வந்தன. இந்தத் தொட்டிலையும் கொஞ்சம் கடித்துப் பார்த்தன. பல் இறங்கவில்லை. "எங்க செஞ்சது இது?" என்று கேட்டன.

பதினோரு தொட்டிலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, "மரம் காஞ்சதும்," என்றது சடையாண்டி. மான்கள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டன.

ஓணான் சிங்காரவேலு என்ன ஆனது என்று கேட்பீர்கள். புழு இல்லாத இடத்தில் சேவை செய்ய அதற்கு மனம் வரவில்லை. மேற்குக் கரையில் மண்பானை செய்து உள்ளே புழுவை நிரப்புகிற குளவியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே கழுத்தை உப்பிக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறதாம்:

"தொட்டில் மேலேயே கடைப் பேர் வர்ற மாதிரி ஒரு விளம்பரம். யாருக்குத் தோணும்? என் யோசனைதான் அது. பதினோரு தொட்டில் வித்துச்சு."

குளவியும் மூன்று முறை தலையாட்டியதாம்.

நீதி: கடையில் இருக்கிற நல்ல மரம் வாசலில் நிற்கக் கூடாது, வாங்கியவர் வீட்டுக்குப் போக வேண்டும். கடையின் பெயரை அது அங்கிருந்தே சொல்லும்.